இரண்டாவது டெக்னிக்கல்

டைம்-அவுட் முடிந்த கையோடு கோச் ஈஸ்வரன் எல்லைக் கோட்டைத் தாண்டி ஓடி வந்து, நடுவரின் முழங்கையைப் பிடித்தார்.

நடுவர் இமானுவேல் தன்னைப் பிடித்த கையைப் பார்த்தார். விசிலை வாயில் வைத்தார்.

பெண்கள் பள்ளிகளுக்கான கூடைப்பந்து இறுதி ஆட்டம். காலையிலிருந்து அவருக்கு இது மூன்றாவது ஆட்டம். பள்ளத்தூர் வெயிலில் சிமெண்டுத் தரை ஷூவுக்குள்ளே பாதத்தை வேக வைத்துக்கொண்டிருந்தது. முடிந்தால் போதும் என்றிருந்தது.

கோச்சுகள் கத்துவது அவருக்குப் புதிதில்லை. தோற்கிறவர் கத்துவார். கத்தட்டும் என்று விட்டுவிடுவார்.

ஆனால் ஆட்டம் தொடங்கியதிலிருந்தே ஈஸ்வரன் எதிரணியின் ஏழாம் நம்பர் பெண்ணையே காட்டிக் காட்டிக் கத்தினார்.

"அந்தப் புள்ளையப் பாருங்க சார். அங்குட்டுப் பாருங்க."

பார்த்தார். ஏழாம் நம்பர் கீர்த்தி ஒல்லியான பெண். பந்து கைக்கு வந்தாலே பதறுகிறவள். ஒரு ஃபவுல்கூடச் செய்திருக்கவில்லை.

சின்னப் பிள்ளையைக் குறிவைத்து ஆட்டத்தைப் பிடுங்கப் பார்க்கிறார் என்று இமானுவேல் நினைத்தார். எச்சரித்தார். மூன்றாம் பகுதியில் ஈஸ்வரனுக்கு முதல் டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்தார்.

எதிர்ப் பந்தலில் இருந்த கீர்த்தியின் கோச் சரவணகுமார் குரலே உயர்த்தவில்லை. டைம்-அவுட் எடுத்தால் பெண்களைச் சுற்றி நிற்க வைத்து, கீர்த்தியின் தோளில் கை போட்டு, மெதுவாகப் பேசி அனுப்புவார். எல்லாரும் இப்படி இருந்தால் எவ்வளவு நிம்மதி.

இப்போது, பிடித்த முழங்கையை விடாமல் ஈஸ்வரன் மூச்சு வாங்கினார்.

"விசில் இருந்தாப் போதுமா சார்? டைம்-அவுட்டுல அந்தாளு..."

இமானுவேல் ஊதினார். மீதி காதில் விழவில்லை.

இரண்டு கைகளையும் ஆங்கில 'டி' எழுத்துப் போலச் சேர்த்துக் காட்டினார். இரண்டு டெக்னிக்கல் வாங்கிய கோச் மைதானத்தில் இருக்க முடியாது.

ஈஸ்வரன் கையை விட்டார். துண்டை எடுத்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார். கூட்டம் கைதட்டியது.

அந்த டெக்னிக்கலுக்குக் கிடைத்த ஃப்ரீ த்ரோவைக் கீர்த்திதான் போட்டாள். தவறவிட்டாள்.

ஆனாலும் அவளுடைய அணிதான் வென்றது.

மேசையில் ஸ்கோர் ஷீட் தயாராக இருந்தது. நடுவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது. அதன் பிறகு அவர் யாரையும் எதுவும் கேட்க முடியாது. இமானுவேல் பேனாவைத் திறந்தபோது சரவணகுமார் வந்தார்.

"அந்த ஆளுகிட்ட ரொம்பப் பொறுமையா இருந்தீக சார்." பக்கத்தில் நின்ற கீர்த்தியிடம் திரும்பினார். "சாருக்குக் கை குடும்மா."

தட்டிக்கொடுக்க அவர் கையைத் தூக்கியதும் கீர்த்தியின் தோள் சுருங்கியது.

அவள் கை நீட்டினாள். பனியனின் கை மேலே ஏறியது. மேற்கையின் உட்பக்கத்தில் நகம் பதிந்த சிவப்புத் தடங்கள் இருந்தன. புதியவை. அவற்றுக்குக் கீழே பழையவை நீலம் பாய்ந்திருந்தன.

"பிராக்டிஸ்ல கீழ விழுந்துட்டா சார்," என்றார் சரவணகுமார்.

இமானுவேல் இன்னும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

ஈஸ்வரன் கத்தியபோதெல்லாம் தான் அவர் பக்கம் திரும்பி, சரவணகுமாரின் பந்தலுக்கு முதுகைக் காட்டி நின்றது அவருக்கு இப்போது தெரிந்தது. கால்கள் இன்னும் கனத்தன. உட்கார வேண்டும் போலிருந்தது.

பேனாவை மூடினார்.

"ஈஸ்வரன் சாரு பஸ் ஏறிட்டாரான்னு பாருங்க," என்றார் மேசையில் இருந்தவரிடம். "அவரு வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் நான் கையெழுத்துப் போடல."

பிறகு தன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நீ இங்குட்டு வந்து உக்காரும்மா."

கீர்த்தி தன் கோச்சின் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு மேசையைச் சுற்றி மறுபக்கம் வந்தாள்.