ஜட்டி போட்ட ராஜா

மாப்பிள்ளை வீடு பார்க்க ஜாலான் புசாரில் ஒரு பத்தாம் மாடி வீட்டுக்கு வந்த மரியஅந்தோணி, உட்காருவதற்கு முன் கிறிஸ்துமஸ் குடிலின் முன்னால் முழந்தாளிட்டார். கூடவே அவர் தங்கை அற்புதமேரியும்.

வந்தவர்களுக்கு வியர்க்கிறதே என்று மாப்பிள்ளையின் அம்மா அல்போன்சம்மாள் மின்விசிறியைப் போட்டார்.

குடிலில் குழந்தை இயேசுவைக் கும்பிட வந்து நின்ற மூன்று ராஜாக்களின் ஜிகினாத்தாள் அங்கிகளும் பறந்தன.

சிலுவை போடத் தூக்கிய கை அற்புதமேரிக்கு அப்படியே நின்றுவிட்டது.

“அண்ணே... ராஜா ஜட்டியோட நிக்கிறாரு.”

ஒருவர் அல்ல, மூவருமே. ரப்பர் உடம்பு, புடைத்த தோள், இடுப்பில் தங்க நிற பெல்ட். ஒருவன் குழந்தை இயேசுவைப் பார்த்து முஷ்டியை ஓங்கிக்கொண்டிருந்தான்.

“இது என்ன கூத்து?” என்றார் மரியஅந்தோணி.

மாப்பிள்ளை எட்மண்ட் தலையைச் சொறிந்தான்.

“மண் ராஜாங்க மூணும் உடைஞ்சிடுச்சு, அங்கிள். அதான் என்கிட்ட இருந்த ரெஸ்லிங் பொம்மைய வச்சேன்.”

“உன்கிட்டயா? நீ சேக்குறியா?”

“ஆமா, அங்கிள்.”

“வயசு?”

“முப்பது.”

மேசையில் கேக் வெட்டிக்கொண்டிருந்த அல்போன்சம்மாள், வெட்டிய துண்டுகளையே மறுபடி வெட்டினார்.

அற்புதமேரி அதற்குள் புதுக் கலர் டிவிக்குப் பக்கத்து அலமாரியின் திரையை விலக்கிவிட்டாள். உள்ளே ஒரு படையே நின்றது.

“ஐயையோ, இவனப் பாருங்கண்ணே! தாடியும் சங்கிலியுமா, ரவுடிப் பய!”

“அவன் நல்லவனுங்க. பக்கத்துல மொட்டைத் தலை இருக்கான் பாருங்க, அவன்தான் நாற்காலியால முதுகுல அடிப்பான்” என்ற அல்போன்சம்மாள் சட்டென்று கேக்கைக் குனிந்து பார்த்தார். “எட்மண்ட் சொல்லுவான்.”

மரியஅந்தோணி எழுந்தார்.

“தம்பி, துறைமுகத்துல நல்ல வேலை, தங்கமான பையன்னு பங்குச் சாமியார் சொன்னாரு. ஆனா பொம்மை வச்சு வெளையாடுற ஆளுக்கு எம் பொண்ணு உர்சுலாவ எப்படி லா குடுக்கிறது? எல்லாத்தையும் இப்பவே குப்பைக் குழாயில போடு. இன்னிக்கே தேதி பேசிடலாம்.”

எட்மண்ட் அலமாரியை மறைத்துக்கொண்டு நின்றான்.

“அது மட்டும் முடியாது, அங்கிள்.”

“பொம்மையா, பொண்ணா?”

“உர்சுலாவ கோயில் பாட்டுக் குழுவுல பாத்ததுலேருந்து எனக்கு வேற நெனப்பே இல்ல, அங்கிள். ஆனா இதத் தூக்கிப் போட முடியாது.”

“வா, மேரி, போலாம்.”

அற்புதமேரி ஒரு கேக் துணுக்கை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வாசலில் செருப்பு மாட்டும்போது சமையலறையில் சத்தம். பத்து மாடிக்கும் கீழே எதுவோ முட்டி மோதி உருண்டு போகிற சத்தம்.

குடிலில் ராஜாக்கள் மூவரையும் காணோம்.

மரியஅந்தோணி எட்டிப் பார்த்தார். அல்போன்சம்மாள் சமையலறைச் சுவரில் கீழ்த்தளம் வரை போகும் குப்பைக் குழாயின் மூடியைத் திறந்து, இரண்டாவது ராஜாவைக் கையைப் பிடித்து உள்ளே தொங்கவிட்டிருந்தார். எட்மண்ட் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தான்.

“வேணாம்மா!”

“பாத்தியா மேரி, ஒரு பொம்மைக்காகப் பெத்தவ கையையே முறுக்குறான்!”

“முறுக்கலீங்க” என்றார் அல்போன்சம்மாள். “நான் கோயில்ல மாதர் சங்கத் தலைவி. வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்கன்னு பாக்குறான்.” மகனிடம் திரும்பினார். “விடுடா. என் பொம்மைக்கு இன்னும் எத்தனை நாள் நீ தலை குனிஞ்சு நிப்ப?”

ராஜாவின் ஓங்கிய முஷ்டி மட்டும் குழாய்க்கு வெளியே தெரிந்தது.

“மொதல்ல ராஜாவ வெளிய எடுத்துட்டு அந்த மூடியச் சாத்துங்க, சம்மந்தி” என்றார் மரியஅந்தோணி.