இன்டர்வியூ கோட்டு

“இந்த மஞ்சள் சட்டையா? இன்டர்வியூவுக்குப் போறியா, பஞ்சுமிட்டாய் விக்கப் போறியா?” என்று சிரித்த விடுதி வார்டன், தன் அலமாரியிலிருந்து ஒரு சாம்பல் நிறக் கோட்டை எடுத்து வந்தார்.

இன்டர்வியூவுக்குக் கிளம்பி நின்ற பெண்ணுக்கு அது அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.

“ஆள் பாதி, ஆடை பாதிம்மா. இதைப் போட்டுட்டு அந்தக் கம்பெனிக்குப் போன நம்ம ஹாஸ்டல் பொண்ணுங்க எல்லாருக்குமே வேலை கிடைச்சிருக்கு.”

“எனக்கும் கிடைக்கணும்க்கா. இல்லேன்னா அண்ணன் வீட்டுலதான் போய் நிக்கணும். அண்ணி மூஞ்சியை நினைச்சாலே பயமா இருக்கு.”

“கிடைக்கும். தங்குற இடமும் அவங்களே கொடுத்துடுவாங்க.” வார்டன் குனிந்து பட்டன்களைப் போட்டுவிட்டார்.

கண்ணாடியில் பார்த்தபோது அவளுக்கே தன்னைப் பிடித்திருந்தது.

“போன மாசம் மாடி ரூம் அக்காவும் இதைத்தானே போட்டுட்டுப் போனாங்க? கோட்டைத் திருப்பிக் கொடுக்க எப்போ வந்தாங்க? நான் பார்க்கவே இல்லையே.”

வார்டனின் விரல்கள் கடைசிப் பட்டனில் நின்றன.

“அவ வரலை. போனவங்க யாருமே வந்ததில்லை. துவைச்சு, இஸ்திரி போட்டு, கம்பெனி வண்டியில கோட்டு மட்டும்தான் திரும்பி வரும்.”

அவள் அவசர அவசரமாகப் பட்டன்களைக் கழற்றத் தொடங்கினாள். வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

வார்டன் அறைக் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து, அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

“கழட்டாதம்மா. நீ போகலேன்னா என் பொண்ணை அனுப்பச் சொல்லுவாங்க.”