விற்பனைக்கு ஒரு வயலின்

வாவிக் கரையிலிருந்து டின்னில் அள்ளிவந்த சேற்றை வயலின் பெட்டியின் மூலைகளில் பிரஷால் பூசிக்கொண்டிருந்தார் க்ளைவ். பூட்டின் இடுக்குக்குள் ஈர்க்கால் கொஞ்சம் தள்ளினார். காய்ந்ததும் பழைய சேறாகத் தெரிய வேண்டும்.

“என்ன மேன் செய்றாய்?” மனைவி லோர்னா குசினி வாசலில் நின்றாள். “மெல்றோய் ஒஸ்ரேலியா போகக்குள்ள தந்த சாமான் எண்டுதானே சொன்னாய்? தண்ணியே காணாத பெட்டிக்குச் சேறு எதுக்கு?”

“சுனாமியில தப்பின வயலின் எண்டு போட்டாச்சு. ஆள் வந்து பாக்கக்குள்ள சேறு இல்லாட்டி?”

“உனக்கு வெக்கமே இல்ல.”

“வெக்கத்தப் பிறெண்டாட வீட்டுக்குப் போய்ப் படலாம். இது போகாட்டி அடுத்த மாசம் வத்தளைதான்.”

வத்தளையில் மகள் பிறெண்டா அவர்களுக்கென்று ஒதுக்கியிருந்தது வோஷிங் மெஷினுக்குப் பக்கத்து அறை. ஒரு கட்டில் போட்டால் கதவு திறக்காது.

க்ளைவுக்கு அறுபத்திரண்டு வயது. அவரது தச்சுப் பட்டறையைச் சுனாமி கொண்டுபோனது. தோணி மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் மிஞ்சியது. ஆனால் அன்றைக்குப் பிறகு அவர் கடலை ஒட்டிய அந்த வாவியில் இறங்கவில்லை. ஏழு வருடமாகத் தோணி முற்றத்தில் கவிழ்ந்து கிடந்தது. அதன் கீழே கோழி முட்டையிட்டது.

போர் முடிந்து, பாதை திறந்து, வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கியபோதுதான் பேஸ்புக்கில் கடை போடும் எண்ணம் வந்தது. தன் பறங்கி இனத்தாரின் வீடுகளில் கிடந்த பழைய சாமான்களை வாங்கிப் படம் எடுத்துப் போட்டார். ஆறு மாதத்தில் போனது ஒரு கோப்பி அரைக்கும் மெஷினும் இரண்டு பித்தளைக் கீல்களும்.

“சாமான ஆரும் வாங்க மாட்டாங்க, க்ளைவ் அண்ணன். கதைய வில்லுங்க,” என்றார் காத்தான்குடியில் கம்யூனிகேஷன் கடை வைத்திருந்த முனாப்.

அதற்குப் பிறகுதான் அலுமாரிக்கு மேலே கிடந்த வயலினை க்ளைவ் இறக்கினார். மூன்று கிழமை வாவிச் சேற்றில் புதைந்து கிடந்து மீண்டது என்று எழுதினார். அன்றைக்கே டெனீஸ் என்ற ஒருத்தி செய்தி அனுப்பினாள். தந்தி முறுக்கும் ஆணிகளைக் கிட்டவாக ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னாள், அவ்வளவுதான். நாலு ஆணியில் ஒன்று மான்கொம்பில் செய்தது. படம் போனதும் பேரம் பேசாமல் பதில் எழுதினாள்: சனிக்கிழமை நேரில் வருகிறேன்.

சொன்னபடி வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். திருகோணமலை என்றாள். வீட்டுக்குள் வராமல் முற்றத்துத் தோணியை ஒரு சுற்றுச் சுற்றி, அதன் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள்.

“அங்கிள் மீன் பிடிக்கிறதா?”

“முந்தி, மகள். ஞாயிற்றுக்கிழமையில சும்மா போவன். தோணியும் விக்கத்தான், வேணுமெண்டா சொல்லுங்க.”

அவள் சிரிக்கவில்லை. உள்ளே வந்து பெட்டியைத் திறந்து வயலினை எடுத்தாள். பலகைகள் ஒட்டியிருந்த ஓரம் முழுக்க நகத்தை ஓட்டினாள்.

“மூணு கிழமை சேத்துக்குள்ள கிடந்ததா இது?”

“ஓம் மகள். நான்தான் தோண்டி எடுத்தன்.”

“இத ஒட்டுறது மாட்டுத்தோல் பசையில. மூணு நாள் ஊறினாலே முதுகு வேற, வயிறு வேறயாக் கழண்டுரும். நீங்க தச்சு வேலை செஞ்ச ஆள் எண்டு பேஸ்புக்கில போட்டிருக்கு. உங்களுக்குத் தெரியாதா?”

பிளேன்டீ கொண்டுவந்த லோர்னா பாதி வழியில் நின்றாள். வோஷிங் மெஷின் பக்கத்து அறை க்ளைவின் கண்ணுக்குள் வந்து போனது.

“சரி மகள், மறைக்கல்ல. சேறு நான் பூசினதுதான். பிழைப்புக்குச் செஞ்ச வேலை. இது சுனாமியையே காணாத சாமான். ஒஸ்ரேலியா போன கூட்டாளி தந்தது. வெலயக் குறைச்சுத் தாறன்.”

“நான் அப்பவே சொன்னன், பொய் வேணாம் எண்டு,” என்றாள் லோர்னா. உண்மை வெளியே வந்ததில் அவளுக்கு மூச்சு இலேசானது. “தேத்தண்ணியக் குடிங்க, மகள்.”

டெனீஸ் கோப்பையை வாங்கவில்லை. மான்கொம்பு ஆணியை மெல்லத் திருகினாள். தளர்ந்து கிடந்த தந்தி முனகியது.

“இந்த ஆணி எங்கட டடி சீவினது,” என்றாள். “கிறிஸ்மஸ் டான்ஸுக்கு வாசிக்க இஞ்ச வந்தவர். என்னையும் கூட்டிட்டு வந்தார். விடிஞ்சா ஞாயிற்றுக்கிழமை, சுனாமி.”

லோர்னா கணவனைப் பார்த்தாள். “அப்ப மெல்றோய் தரல்லையா, க்ளைவ்?”

க்ளைவ் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நான் தென்னையில தொங்கிட்டிருந்தன். டடி தண்ணிக்குள்ள நிண்டு, முதல்ல வயலினத்தான் தோணிக்காரர்ட கையில குடுத்தார். பிறகுதான் தோணியப் பிடிச்சார்.”

அவள் வயலினைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். காய்ந்த சேறு தரையில் உதிர்ந்தது.

“அவர்ட விரல ஒவ்வொண்டாப் பிரிச்சுவிட்டது நீங்கதானே, அங்கிள்?”