வீட்டில் விழுந்தவர்

"வீட்லதான் மேடம் விழுந்தான். மாடிப்படில கால் வழுக்கிடுச்சு" என்றார் மேஸ்திரி.

கேள்வி கேட்கப்பட்டது பெயின்டரிடம். பதில் வந்தது மேஸ்திரியிடமிருந்து.

தொழிலாளர் துறையிலிருந்து விசாரிக்க வந்த அதிகாரி அம்மாள் பேனாவை மூடாமல் கட்டிலைப் பார்த்தார். இடுப்பில் தகடு வைத்துத் தைத்திருந்த பெயின்டர், தலையணையில் சாய்ந்தபடியே தலையாட்டினார். மேஸ்திரி சொன்னால் எதற்கும் ஆடுகிற தலை அது.

சுவரோரம் நின்ற பெயின்டரின் மனைவிக்கு வயிறு எரிந்தது.

விழுந்தது சாரத்திலிருந்து. வெளிச்சுவருக்கு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தபோது பலகையைக் கட்டியிருந்த கயிறு அறுந்துவிட்டது. கயிறு நைந்துபோயிருக்கிறது, மாற்றிக் கொடுங்கள் என்று முதல் நாளே கேட்டிருக்கிறார். நாளைக்குப் பார்க்கலாம் என்ற புண்ணியவான் இதோ, கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியில் இவர்தான் காதோரம் குனிந்தாராம். வீட்டு மாடிப்படியில் விழுந்தேன் என்று சொல், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். வலியில் துடித்த மனிதர் கிளிப்பிள்ளை மாதிரி டாக்டரிடம் அதையே ஒப்பித்துவிட்டார். பார்த்துக்கொள்கிறேன் என்றவரோ ஒரு பை ஆப்பிளோடு ஆஸ்பத்திரியில் எட்டிப் பார்த்ததோடு சரி.

மேஸ்திரி மேல் இருந்த கோபத்தைவிட அவளுக்குப் புருஷன் மேல்தான் கோபம் அதிகம். வேலையில்லாமல் அலைந்த காலத்தில் பிரஷ்ஷைக் கையில் கொடுத்தவராம். அவர் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட மாட்டாராம். போதாததற்கு, அதிகாரி முன்னால் வாயே திறக்கக் கூடாது என்று பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வேறு வாங்கியிருந்தார்.

அவளும் திறக்கவில்லை. தண்ணீர் கொடுத்தபோதுகூட, குடிங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதிகாரி அண்ணாந்து குடித்தார். குடித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அண்ணாந்தபடியே இருந்தார்.

"வேலைல அடிபட்டிருந்தா ஆஸ்பத்திரி செலவு, நஷ்டஈடு எல்லாம் வேலை குடுத்தவர் தரணும். வீட்ல விழுந்தா அதெல்லாம் கிடையாது. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

பெயின்டர் மேஸ்திரியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். இனிமேல் உயரத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உயரம் ஏறாத பெயின்டரை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? நாளைக்கு அடுப்பு எப்படி எரியும்? எல்லாம் அந்த முகத்தில் தெரிந்தது. ஆனாலும் பாழாய்ப்போன தலை ஆடியது.

மேஸ்திரிக்கு மூச்சு வந்தது. அதிகாரி வருகிறார் என்று காதில் விழுந்ததும் தெருமுனையில் வழி கேட்டு வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தவர். இத்தனை வருடப் பழக்கத்தில் இந்த வாசலை மிதிப்பது இதுதான் முதல் தடவை. வந்ததிலிருந்து அவர் கண் அந்தப் பேனாவை விட்டு அகலவில்லை.

"சரி. அந்த மாடிப்படியை ஒரு தடவை பாத்துட்டுக் கையெழுத்து வாங்கிக்கறேன்" என்றார் அதிகாரி.

பெயின்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"தங்கச்சி, மேடத்துக்கு மாடிப்படியைக் காட்டும்மா." மேஸ்திரியின் குரலில் தேன் ஒழுகியது.

சத்தியம் சத்தியம்தான். அவள் வாயைத் திறக்காமல் முன்னால் நடந்தாள். அதிகாரி பின்தொடர்ந்தார். பேனா போகும் இடமெல்லாம் மேஸ்திரியும் போனார்.

அடுப்படியைக் காட்டினாள். பின்கதவைத் திறந்து, துணி காயும் கொடியையும் தண்ணீர்த் தொட்டியையும் காட்டினாள். அதோடு வீடு முடிந்துவிட்டது. இரண்டு பேரையும் மறுபடி கூட்டிவந்து கட்டிலருகே நிறுத்தினாள்.

அப்போதுதான் மேஸ்திரி பேனாவிலிருந்து கண்ணை எடுத்து அண்ணாந்து பார்த்தார்.

தலைக்கு மேலே தகரக் கூரை. அதற்கு மேலே வானம்தான்.