அவள் வேண்டிக்கொண்டது

தலையைக் குனியச் சொன்னார் நாவிதர்.

குனிந்தாள். தண்ணீரைத் தெளித்து இரண்டு கையாலும் அழுத்தித் தேய்த்தார். பிடரி வழியாக முதுகுக்குள் ஓடியது. சமயபுரத்து வெயிலுக்கு அது சுகமாகத்தான் இருந்தது.

"வேண்டுதல் பலிச்சிருச்சாம்மா?"

வருகிறவர்கள் எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். பலித்தவர்கள் சிரிப்பார்கள். விலாவாரியாகக் கதை சொல்வார்கள்.



அவளுக்குப் பலித்துவிட்டது.

அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. டயாலிசிஸில் காலம் ஓடுகிறது. அம்மாவுக்குச் சர்க்கரை. அப்பா இல்லை. கொடுப்பதற்கு மிச்சம் இவள்தான். ரத்தம் கொடுத்தாள், ஸ்கேன் எடுத்தாள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதை வைத்துக்கொண்டு நன்றாக வாழலாம், கல்யாணம் பண்ணலாம், பிள்ளை பெறலாம் என்றார் டாக்டர்.

"கபடி?" என்று கேட்டாள்.

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"இருக்கிற ஒண்ணுல அடி பட்டா என்னம்மா பண்ணுவ?"

இந்திய அணிக்கான முகாமுக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். இந்த முறைதான் முதல்முறை.

ரிசல்ட் வருவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை இதே கோயிலுக்கு வந்தார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு வாய்விட்டே வேண்டினாள். பொருந்தணும் தாயே, பொருந்தணும்.

பக்கத்தில் நின்று அவளும் கும்பிட்டாள்.

பொருந்தக் கூடாது. பொருந்தாமல் போனால் முடி தருகிறேன்.

கேவலமான வேண்டுதல். தெரிந்தேதான் வேண்டினாள். தர மாட்டேன், எனக்கு ஆடணும் என்று நேரே சொல்ல வாய் வரவில்லை. எதிர் அணி மொத்தமும் நிற்கும்போது ஒற்றை ஆளாகக் கபடி பாடிப் போகிறவள்தான். வீட்டில் இருக்கும் இரண்டு பேர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டது. அம்மன் பார்த்துக்கொள்ளட்டும் என்று பொறுப்பை அந்த ஆத்தா தலையில் கட்டிவிட்டாள்.

பொருந்தவில்லை.

டாக்டர் சொன்னதும் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஐயோ, அவ்வளவு சந்தோஷம். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. எதற்கு அழுகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆட்டோவில் திரும்பும்போது அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். முகாம் என்றைக்கு என்று.

முடி கொடுக்காமல் இருந்துவிடலாம்தான். யாருக்குத் தெரியப்போகிறது? அம்மன் கோபத்தை இவள் முட்டியில் காட்டினாலும் தாங்கிக்கொள்ளலாம். அண்ணன் மேல் காட்டிவிட்டால்?

ரொம்ப நல்ல நியாயம். சிறுநீரகம் தர மனசில்லை, முடி தர மனசு வந்திருக்கிறது.

"இன்னும் பலிக்கலீங்க." பக்கத்தில் நின்ற அம்மா நாவிதருக்குப் பதில் சொல்ல முந்திக்கொண்டாள். "இவ அண்ணன் பொழச்சு எந்திரிக்கணும்னு முடி குடுக்குறா. இவ கிட்னி பொருந்தல. வேற யார் மூலமாவது ஆத்தா வழிகாட்டணும். நான் சொல்லக்கூட இல்லீங்க, அவளாத்தான் வந்து கேட்டா."

வரிசையில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி உச்சுக்கொட்டினாள்.

"தங்கச்சின்னா இப்படியில்ல இருக்கணும்."

நாவிதர் பிளேடை மாற்றினார். "நடந்தப்புறம்தானே எல்லாரும் குடுப்பாங்க," என்றார் பொதுவாக. "குடுக்கட்டும், குடுக்கட்டும். மனசுதானே."

தூணோரம் நாற்காலியில் அண்ணன் இருந்தான். கால் வீங்கி, செருப்பைக் கழற்றி வைத்திருந்தான். எல்லாம் அவன் காதில் விழுகிற தூரம்தான்.

அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. குனிந்த தலையை நாவிதர் நிமிரவிடவில்லை. அது ஒரு உபகாரம்.

கத்தி உச்சியிலிருந்து இறங்கியது. மடியில் முடி விழுந்தது. ஆட்டத்தில் எவளும் பிடித்து இழுத்துவிடக் கூடாதென்று இறுக்கிக் கொண்டை போட்டுக் கொண்டை போட்டே வளர்த்த முடி. பாதிக்கு மேல் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

குளித்துவிட்டு வந்தாள். தலை லேசாக, யாருடையதோ போல் இருந்தது.

அம்மா சந்தனம் கரைத்து வைத்திருந்தாள். பூச ஆரம்பித்தவளுக்கு விசும்பல் வந்துவிட்டது. கை ஓடவில்லை.

"என் தங்கமே, அவனுக்காக இப்படி நிக்கிறியே..."

"இங்க குடும்மா, நான் பூசுறேன்." அண்ணன் எழுந்து வந்திருந்தான். "நீ போயி அர்ச்சனைத் தட்டு வாங்கு. கூட்டம் வந்துரும்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

இடது கையால் அவள் தலையைத் தாங்கிப் பிடித்தான். டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்த கை. புடைத்த இடம் உள்ளுக்குள் எந்நேரமும் அதிர்ந்துகொண்டிருக்கும். அது இப்போது அவள் காதோரம் அதிர்ந்தது.

சந்தனம் சில்லென்றிருந்தது.

"எனக்காகன்னே இருக்கட்டும் பாப்பா." மெதுவாகத்தான் சொன்னான். "அம்மாகிட்ட போயி வேற மாதிரி சொல்லிக்கிட்டு இருக்காத."

அவள் அவனைப் பார்க்கத் திரும்பினாள்.

"அசையாம இரு. கண்ணுல வழிஞ்சிரும்."

அவன் அவசரப்படவில்லை. பிடரியில் பூசினான். காதுக்குப் பின்னால் பூசினான். கத்தி பட்டுக் கீறியிருந்த இடத்தில் ஊதி ஊதிப் பூசினான்.