இந்த முறை தலை தப்பியது

பொன்னுவேல் படமெடுத்தால் யாருக்கும் கழுத்துக்கு மேல் விழாது. இந்த முறை பழனியில் குடும்பத்தோடு மொட்டை போட்ட கையோடு, கொடைக்கானல் ஏரிக்கரையில் மனைவியையும் மகன்களையும் நிறுத்தி, நன்றாகத் தள்ளி நின்று எடுத்திருந்தார்.

ஸ்டுடியோவில் உறையைப் பிரித்ததும் முகம் மலர்ந்தது. பனிமூட்டத்திலும் மூன்று மொட்டைகள் முழுசாக இருந்தன.

"பாத்தியா விசாலாட்சி, ஒரு தலையும் வெட்டுப்படல."

மனைவி உற்றுப் பார்த்தாள். "இதுல நான் எங்கங்க?"

"நடுவுல நிக்கிறியே."

"இது நான் இல்லீங்க."

அவருக்குக் குழப்பமாகிவிட்டது. மொட்டை போட்டதில் இவளுக்கு இவளையே அடையாளம் தெரியவில்லையோ? படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். காது மட்டும் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது.

அப்போது இன்னொரு மொட்டைத்தலைக்காரர் உறையோடு உள்ளே வந்து ஸ்டுடியோக்காரரிடம் நீட்டினார். "மாத்திக் குடுத்துட்டீங்க போல. இதுல ஒருத்தருக்கும் தலையே இல்ல."

விசாலாட்சி குறுக்கே கை நீட்டினாள்.

"குடுங்கண்ணே. அது எங்க குடும்பந்தான்."