முப்பது டிகிரி

தரையில் விரித்த நீல சார்ட் தாள்தான் கடல். அதன் ஓரத்தில் அடுக்கிய மூன்று சாக்பீஸ் டப்பாக்கள் கலங்கரை விளக்கம். உச்சியிலிருந்து இறங்கும் நூலின் மறுமுனையில் நோட்டுத்தாளில் மடித்த படகு நிற்கிறது. ஜெகதாப்பட்டினத்து வெயில் ஜன்னல் வழியே விழுந்து கண்ணைக் கூசவைக்கிறது. துறைமுகத்தின் ஏலச் சத்தம் காற்றோடு வகுப்புக்குள் வருகிறது. நூல் படகைத் தொடும் இடத்தில் ஹரிணி பாகைமானியை வைத்துப் பார்க்கிறாள். அறுபது டிகிரி. டீச்சர் சொன்ன முப்பது வர வேண்டுமானால் படகு கடலுக்குள் இன்னும் தள்ளிப் போக வேண்டும். முத்துராஜ் மேலிருந்து நூலைத் தளர்த்துகிறான். "தள்ளுடி," என்கிறாள் ஹரிணி. சௌமியா தள்ளவில்லை. அவளுடைய சுட்டுவிரல் படகை அழுத்திப் பிடித்திருக்கிறது, தாள் நசுங்குகிறது. சௌமியாவின் அப்பாவை இலங்கைக் கடற்படை நடுக்கடலில் படகோடு பிடித்துக்கொண்டு போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது என்பது ஹரிணிக்கு அப்போதுதான் உறைக்கிறது. "எங்களுக்கு நாப்பத்தி மூணு சென்டிமீட்டர் டீச்சர்," என்று பக்கத்துக் குழுவில் யாரோ சொல்கிறார்கள். டீச்சர் இங்கே திரும்புகிறார். "ஒங்க போட் எவ்வளவு தூரத்துல நிக்குது?" முத்துராஜ் குனிந்துகொள்கிறான். ஹரிணி பாகைமானியை எடுத்துவிட்டு, சௌமியாவின் விரலோடு தன் விரலையும் சேர்த்து வைத்துப் படகைக் கரைப்பக்கம் இழுக்கிறாள். நூல் தொய்ந்து சுருள்கிறது. டப்பாவின் அடியில் முட்டிப் படகு நிற்கிறது. "கரைக்கு வந்துருச்சு டீச்சர்," என்கிறாள் ஹரிணி. சௌமியா இன்னும் விரலை எடுக்கவில்லை.